சான்றிதழ் வந்தது, ரோஸ்டர் மாறவில்லை: வேலையிடக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "ஆபீஸில் சமத்துவம், பன்முகத்தன்மை என்று பயிற்சி வைத்தார்கள்" என்று ஆரம்பித்து, பிறகு ஒரு பெருமூச்சு. சிங்கப்பூரில் வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கப் புதுச் சட்டம் வரப்போகிறது என்றதும் கம்பெனிகள் அவசர அவசரமாக ஆட்களைப் பயிற்சியில் உட்கார வைக்கின்றன போலிருக்கிறது. நான் 31 வருடம் எச்.ஆரில், அதாவது மனிதவளப் பிரிவில், குப்பை கொட்டியவள். இந்தப் பயிற்சிகளைக் கேட்டிருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன், இரண்டிலும் கொட்டாவி விட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, கம்பெனி பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். போன மாதம் எல்லாருக்கும் இணையம்வழிப் பயிற்சி. ஒன்றரை மணி நேரம், கடைசியில் 20 கேள்வி, 16 சரியாக இருந்தால் சான்றிதழ். எங்கள் பிரிவில் எல்லாரும் பாஸ். மறுநாள் காலைக் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் மாண்டரினில்தான் ஓடியது. நானும் ஒரு மலாய் நண்பரும் வழக்கம்போலக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தோம். பிறகு எதற்கு அந்தப் பயிற்சி?

பயிற்சி கொடுத்தோம் என்று காட்டுவதற்கு. கோபத்தில் சொல்லவில்லை, பல இடங்களில் உண்மையிலேயே அவ்வளவுதான். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் "எங்கள் ஊழியர்கள் அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள்" என்று ஒரு கோப்பை எடுத்து நீட்டலாம் பாருங்கள்.

இது என்னுடைய புலம்பல் மட்டும் இல்லை. ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்று இரண்டு சமூகவியலாளர்கள், அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பது வருடத் தகவல்களை வைத்துக்கொண்டு 2016இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேலாளர்களைக் கட்டாயப் பயிற்சியில் உட்கார வைத்து ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், மேலாளர் பதவிகளில் வெள்ளையினப் பெண்களின் பங்கு ஏறவே இல்லை, கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 விழுக்காடு குறைந்தே போயிருந்தது. ஏன் குறைந்தது? கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "நீ தப்பு செய்கிறவன்" என்ற தொனியில் பேசினால் மனிதன் முறுக்கிக்கொள்வான். அவர்கள் சொன்ன காரணங்களில் அது ஒன்று. தானாக விரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த பயிற்சியும், ஒரு மூத்தவர் ஓர் இளையவரைக் கூட வைத்து வளர்த்துவிடும் ஏற்பாடும் பலன் தந்ததாக அதே கட்டுரை சொல்கிறது.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருவோம். உங்கள் மேலாளர் வேண்டுமென்று செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும், வாயில் எது முதலில் வருகிறதோ அதைப் பேசுகிறார். நம் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தால், பக்கத்தில் நிற்கிற பிலிப்பினோக்காரரை மறந்துவிட்டுத் தமிழில் வெளுத்து வாங்குவதில்லையா? ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் உங்களுக்கு நஷ்டம் குறைந்துவிடாது.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்கிறார்கள். அது பார்ப்பது வேலை சம்பந்தப்பட்ட முடிவுகளைத்தான்: ஆள் எடுப்பது, அப்ரைசல் என்கிற வருடாந்தர வேலை மதிப்பீடு, பயிற்சிக்கு அனுப்புவது, பதவி உயர்வு, வேலையை விட்டு எடுப்பது. காலைக் கூட்டத்தில் எந்த மொழி பேசினார்கள் என்பது நேராக அதற்குள் வராது. வருடக் கடைசியில் அப்ரைசல் வழியாகத்தான் வரும். எப்படி என்று சொல்கிறேன்.

நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஒரு மலாய்த் தொழில்நுட்பரின் அப்ரைசல் படிவம் என் மேசைக்கு வந்தது. வேலையில் குறையே இல்லை, ஆனால் "கூட்டங்களில் கருத்துச் சொல்வதில்லை, முன்வருவதில்லை" என்று எழுதி ஒரு படி குறைத்திருந்தார்கள். மேலாளரைக் கூப்பிட்டு, கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மறுநாள் திருத்தி வந்தது. அந்த மனிதர் அதற்கு முந்தைய மாதம்தான் பன்முகத்தன்மைப் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவர்!

ஆகவே தம்பி, மேலாளரிடம் தனியாகப் போய், "எனக்கு மாண்டரின் புரியவில்லை, கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுங்கள், இல்லை வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். "ஏன் மாண்டரினில் பேசுகிறீர்கள்" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும், "எனக்கு இந்தத் தகவல் வேண்டும்" என்றால் மறுப்பது கஷ்டம். மலாய் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள், அப்ரைசல் நேரத்தில் உதவும்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து 14 பேர். வாசலில் "ஆள் தேவை. தமிழ் பேசும் பெண், 35 வயதுக்குள், திருமணம் ஆகாதவர்" என்று ஒட்டியிருந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, ஜெயிலுக்குப் போகப் போறீங்க" என்கிறாள். நானும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமா?

ஜெயில் எல்லாம் இல்லை அண்ணே. ஆனால் அந்தத் தாளை இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

25 பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்குப் புதுச் சட்டத்திலிருந்து முதல் ஐந்து வருடத்துக்கு விலக்கு உண்டு. அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2007இலிருந்தே நியாயமான வேலை நியமனத்துக்கு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இருக்கின்றன, அவை கடை சின்னதா பெரிதா என்று பார்ப்பதில்லை. மீறினால் மனிதவள அமைச்சு உங்கள் வேலை அனுமதிச் சலுகைகளை நிறுத்தி வைக்கலாம். ஊரிலிருந்து ஆள் எடுத்து ஓட்டுகிற கடைக்கு அது என்ன அடி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தத் தாளை ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம், இதுவே ஒரு நல்ல பயிற்சிதான்.

"தமிழ் பேசும்." வைத்துக்கொள்ளலாம், காரணத்தோடு. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் தமிழில்தான் கேட்கிறார்கள் என்றால் அதை எழுதுங்கள். எதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டிருக்கிற பட்டியலில் மொழித்திறனும் இருக்கிறது, வேலைக்கு உண்மையாகவே தேவைப்பட்டால்தான் கேட்கலாம். "மாண்டரின் தெரிந்தவர் மட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து நாம் எரிச்சல்படுகிறோமே, அந்த எரிச்சலுக்கு மருந்தும் இதே விதிதான்.

"பெண்." ஏன்? இந்தக் கேள்விக்கு எத்தனையோ முதலாளிகள் எனக்குச் சொன்ன பதில், "பெண்கள் கல்லாவில் சுத்தமாக இருப்பார்கள்". அப்படியானால் கல்லாவில் கணக்குப் பார்த்த அனுபவம் வேண்டும் என்று எழுதுங்கள்.

"35 வயதுக்குள்." அரிசி மூட்டை நகர்த்த வேண்டும் என்பதற்காகவா? 25 கிலோ மூட்டையை நகர்த்த முடிய வேண்டும் என்று போடுங்கள். 55 வயதில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், 24 வயதில் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்க மூச்சு வாங்குகிற ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார்.

"திருமணம் ஆகாதவர்." இதற்கு என்னால் ஒரு நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணம் ஆனால் பிள்ளை, பிள்ளை என்றால் லீவு என்ற பயம்தானே? பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு நான்கும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்: வயது, தேசியம், இனம், சமயம், நான் மேலே சொன்ன மொழித்திறன், உடற்குறை, மனநலப் பிரச்சினை. மொத்தம் 11.

ஆக, புதுத் தாள் இப்படி இருக்கட்டும்: "கடை உதவியாளர் தேவை. வாடிக்கையாளர்களிடம் தமிழிலும் ஓரளவு ஆங்கிலத்திலும் பேச வேண்டும். கல்லா அனுபவம் இருந்தால் நல்லது. 25 கிலோ மூட்டை நகர்த்த வேண்டியிருக்கும். வாரம் ஆறு நாள், ஞாயிறு வேலை உண்டு." ஞாயிறு வேலையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி ஆட்கள் அதைக் கேட்டே ஓடிவிடுவார்கள், அவர்களுக்கு வயது என்ன என்று நீங்கள் கவலைப்பட வேண்டியிருக்காது.

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் சொல்லவில்லை. அது பெரிய இடங்களிடம் கேட்பது வேறு: ஊழியர் மனக்குறை சொன்னால் எங்கே சொல்வது, யார் விசாரிப்பது என்று எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும், விசாரித்த முடிவைச் சொன்னவருக்குத் தெரிவிக்க வேண்டும், சொன்னதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 14 பேர் கடையில் இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். மகளிடமே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: இன நல்லிணக்க நாளுக்கு எல்லாரும் பாரம்பரிய உடையில் வந்து, முறுக்கும் அகர் அகரும் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். எச்.ஆர். அதைப் "பன்முகத்தன்மைப் பயிற்சி, 2 மணி நேரம்" என்று பதிந்துவிட்டது. இது சரியா?

முறுக்குக்குப் பயிற்சி நேரம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நான் ஓய்வே பெற்றிருக்க மாட்டேன். இன நல்லிணக்க நாள் வருகிற ஜூலை 21, 1964இல் இனக் கலவரம் நடந்த நாள். அன்றைக்குத் தன் அப்பா எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று வயதான சக ஊழியர் யாராவது பத்து நிமிடம் பேசியிருந்தால் பதியலாம் என்று விட்டிருப்பேன்.

கேள்வி: எனக்கு வயது 66. அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. என் பேத்தி இதை எழுதுகிறாள். மேலே மீட்டிங் அறையில் பயிற்சி என்றார்கள், எல்லாம் ஆங்கிலம். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, "ஆன்ட்டி, இங்க சைன்" என்றார். போட்டுவிட்டேன். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள்தான் எனக்கு அக்கா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பை, அறையில் பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் நடத்தி, கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிப்பது என்ன விதமான சமத்துவம் என்று எனக்குப் புரியவில்லை. அரசமைப்புச் சட்டத்திலேயே நான்கு அதிகாரத்துவ மொழிகள் இருக்கிற நாடு இது. ஒரு தமிழ் தெரிந்த ஊழியரை அரை மணி நேரம் உங்களோடு உட்கார வைக்க முடியாதா? இவ்வளவுக்கும் நீங்கள் உள்ளேயாவது போனீர்கள். நான் பார்த்த பல இடங்களில் கான்ட்ராக்ட் துப்புரவாளர், காவலர், இரவு ஷிப்ட் ஆட்கள் இவர்களைக் கூப்பிடுவதே இல்லை. பயிற்சியில் எடுக்கிற படத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பகல் வேலை, மேசை வேலை.

அந்த வகுப்பில் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான், பேத்தி படித்துக் காட்டட்டும். 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறு வேலை நியமன வயது 69. சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி, வேலையில் குறையில்லை, உடம்பும் ஒத்துழைக்கிறது, தேவையான காலம் அங்கே வேலை பார்த்திருக்கிறீர்கள் என்றால், 69 வரை மறு வேலை ஒப்பந்தம் கொடுக்க முதலாளி முன்வர வேண்டும். "உங்களுக்கு வயசாகிடுச்சு, போதும்" என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். அப்புறம், அடுத்த முறை புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பேத்தி பார்க்கட்டும், நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் இந்தியன். "லைட்டை அணைத்தால் இவன் பல் மட்டும்தான் தெரியும்" என்று ஐந்து வருடமாகக் கிண்டல், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். போன வாரப் பயிற்சியில் பயிற்றுநர் என்னைக் காட்டி, "இந்தியர் என்ற முறையில் உங்களுக்கு எப்படி இருக்கிறது, பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றார். முப்பது தலையும் திரும்பியது. "ஓகேதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இப்போது, "ஐயோ, இனி உன்கிட்ட ஜோக் அடிக்க முடியாதுப்பா, எச்.ஆர். வந்துடும்" என்பதே புது ஜோக். நான் கோழையா?

இல்லை தம்பி. சோறு போடுகிற இடத்தில் சிரித்து வைப்பது கோழைத்தனம் என்றால் இந்தத் தீவில் முக்கால்வாசிப் பேர் கோழைகள்தான். நானும் சிரித்திருக்கிறேன். 1980களில் என் எண்ணெய் தேய்த்த பின்னலைப் பற்றி ஒரு மேலதிகாரி வாராவாரம் சொன்ன ஜோக்குக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஜோக்கைவிட அதுதான் உறுத்துகிறது.

முதலில் அந்தப் பயிற்றுநர். அவர் செய்தது தப்பு, அதுவும் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற தப்பு. ஒருவரை எழுப்பிவிட்டு அவர் இனத்துக்கே பிரதிநிதியாக நிற்க வைப்பது. கூட வேலை செய்கிறவர்கள், அதிகாரி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது யார் மனதைத் திறப்பார்கள்? மறுபடி யாராவது கேட்டால், "நான் எனக்காக மட்டும்தான் பேச முடியும், அதையும் இங்கே வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். பயிற்சி முடிந்து கருத்துப் படிவம் கொடுப்பார்களே, அதில் இதை எழுதுங்கள். கம்பெனிகள் அந்தப் படிவத்தை வைத்துத்தான் அடுத்த முறை அவரைக் கூப்பிடுகின்றன.

ஜோக்குக்கு வருவோம். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் மோத வேண்டாம். அதை ஆரம்பிக்கிற ஒருவர் இருப்பார், அவரைத் தனியாக, காப்பி வாங்கப் போகும்போது பிடியுங்கள். "அந்தப் பல் ஜோக் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வருடமாகவே பிடிக்கவில்லை, சொல்லவில்லை. விட்டுவிடு." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவர் "சும்மாதான் சொன்னேன்" என்று வழக்காட ஆரம்பிப்பார். பாதிப் பேர் இதிலேயே நிறுத்திவிடுவார்கள், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. நிறுத்தவில்லை என்றால் தேதி, இடம், கூட இருந்தவர்கள், சொன்ன வார்த்தை என்று நாலும் எழுதி வையுங்கள். வேலையிடத் துன்புறுத்தலைக் கையாள 2015இலேயே முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு வந்துவிட்டது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. எச்.ஆர். அசையாவிட்டால் டாஃபெப் என்று எல்லாரும் சொல்கிற முத்தரப்புக் கூட்டணியிடம் போகலாம், 2006இலிருந்து இந்த வேலைக்கென்றே இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். பங்ளாதேஷ் தொழிலாளியை "டேய் பங்ளா" என்று கூப்பிடுகிற தமிழ் மேற்பார்வையாளர்களை எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போய்விட்டு வந்து "கொஞ்சம் கறுப்பு" என்று உதட்டைப் பிதுக்குகிற மாமிகளையும் தெரியும். உங்கள் வலி உண்மையானது, அது நமக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

கேள்வி: தகவல் தொழில்நுட்பத் துறை. நான் இங்கேயே பிறந்து, தேசிய சேவை முடித்த தமிழன். பிரிவில் 12 பேரில் 9 பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நான் ஒதுக்கப்படுகிறேன் என்றால், "எல்லாரும் இந்தியர்தானே, என்ன பாகுபாடு?" என்று எச்.ஆர். கேட்கிறது. மேலாளர் புது ஆள் வந்தாலே "சொந்த ஊர் எது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலு கட்டம் போட்ட ஸ்லைடை வைத்துப் பயிற்சி நடத்தினால் இப்படித்தான் ஆகும். ஒரே கட்டத்துக்குள் இருப்பவர்களுக்குள் ஒன்றும் நடக்காது என்று எச்.ஆர். நம்பிவிடுகிறது. தேசியமும் அந்தப் 11இல் ஒன்று, இனம் ஒன்றாக இருப்பதால் அது இல்லாமல் போய்விடாது. தவிர, சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை கொடுப்பதைச் சட்டம் பாகுபாடாகப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்குக் கொடுக்கிற எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான காம்பஸ் புள்ளி முறை 2023 செப்டம்பரில் வந்ததே, அதிலும் ஒரே நாட்டவர் குவிகிறார்களா என்று பார்க்கிற அங்கம் ஒன்று உண்டு.

ஆனால் ஒதுக்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். போன வருடம் எந்த ப்ராஜெக்ட் யாருக்குப் போனது, எந்தப் பதவி விளம்பரம் இல்லாமலே நிரம்பியது, யாரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒன்பது பேர் மீது கோபம் வேண்டாம். அவர்களும் காப்பிக்கடையில் "உங்க ஊருக்கே போங்க" என்று கேட்டவர்கள்தான், ஆள் எடுத்தது அவர்கள் இல்லை.

"சொந்த ஊர் எது" என்பது பற்றி. பல சமயம் அது வெறும் அன்பான விசாரிப்பு. ஊரைச் சொன்னதும் "அங்கே எந்தப் பக்கம்? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று இறங்கிக்கொண்டே போனால், அது எங்கே போய் நிற்கும் என்று தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீனப் பயிற்றுநருக்கோ வெள்ளைக்காரப் பயிற்றுநருக்கோ இது கண்ணிலேயே படாது. "ஈசூன், பிளாக்கில் 12ஆவது மாடி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, எச்.ஆரில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. 60 பேர் கம்பெனி, பாதிப் பேர் ஷிப்ட் வேலை. பாஸ் என்னிடம், "சமத்துவப் பயிற்சி ஒன்று நீயே தயார் பண்ணு, இரண்டு மணி நேரம், செலவு வேண்டாம்" என்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

ஸ்லைடில் ஆரம்பிக்காதீர்கள் தங்கச்சி. கைகோத்து நிற்கிற பல வண்ணக் கைகளின் படம் போட்ட அந்த முதல் ஸ்லைடைப் பார்த்ததுமே ஆட்கள் மனசுக்குள் காப்பிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

உங்கள் கம்பெனியின் காகிதங்களையே எடுங்கள். கடைசியாகக் கொடுத்த ஐந்து வேலை விளம்பரங்கள். நேர்காணலில் கேட்கிற கேள்விகள். விண்ணப்பப் படிவம்: அதில் பிறந்த தேதி, இனம், சமயம், திருமண நிலை, எத்தனை பிள்ளைகள் என்று இன்னும் கட்டங்கள் இருந்தால் பயிற்சிக்கு முன்பே அடித்துவிடுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றுக்கும் போன வருட ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல். ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை யாருக்கு எவ்வளவு கிடைத்தது. பெயர்களை மறைத்துவிட்டு மேற்பார்வையாளர்கள் முன்னால் பரப்புங்கள், முதல் அமர்வு அவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். "இதில் உங்கள் கண்ணுக்கு என்ன படுகிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் இதில் கஷ்டம்.

வெளியிலிருந்து ஓர் உதாரணம் வேண்டும் என்றால், பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். முல்லைநாதன் என்ற பெயரைச் சொல்லும்போதே தமிழ் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போலத் தெரிகிறவற்றுக்குச் சுமார் 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. பிறகு இரண்டு விண்ணப்பங்களை நீங்களே தயார் செய்து, பெயரை மட்டும் மாற்றி, ஆளுக்கொன்று கொடுத்துப் பாருங்கள். ஆராய்ச்சி இல்லை அது, பேச்சு ஆரம்பிக்க ஒரு வழி.

பயிற்சியோடு ஒரு விதியையாவது மாற்றுங்கள். 2018இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது பெரிய பிரச்சினையாகி, மே 29ஆம் தேதி 8,000க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடிப் பயிற்சி கொடுத்தார்கள். உலகமே அதைத்தான் பேசியது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குச் சில நாள் முன்னால் செய்தது: எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் உள்ளே உட்காரலாம் என்று விதியையே மாற்றினார்கள். விதி இருந்தால் கடைப்பையன் தன் மனசுக்குள் இருக்கிற பயத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டியதில்லை. (2025இல் அந்த விதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.)

உங்கள் இடத்தில் நான் முதலில் கைவைப்பது ரோஸ்டரில்தான். தைப்பூசம் 1968இலிருந்து இங்கே பொது விடுமுறை இல்லை, காவடி எடுக்கிறவர் ஆண்டு லீவைத்தான் எடுக்க வேண்டும். முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு வருடாவருடம் "ஆள் இல்லை" என்ற பதில் கிடைக்கிறது என்று பாருங்கள். நான் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தோம். எந்தப் பண்டிகைக்கு யாருக்கு லீவு வேண்டும் என்று ஜனவரியிலேயே எழுத வேண்டும், பதிலுக்கு எந்த நாள் வருவேன் என்றும் எழுத வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு மலாய்க்காரர்களும் நம் ஆட்களும் ஷிப்ட் எடுத்தார்கள், தீபாவளிக்குச் சீனர்கள் எடுத்தார்கள். பலகை வருவதற்கு முன்பு அதெல்லாம் மேற்பார்வையாளர் யாரோடு சாப்பிடப் போகிறார் என்பதைப் பொறுத்து இருந்தது.

புகார் வழியையும் யோசியுங்கள். 60 பேர் என்பதால் புதுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். புகார் பாஸ் மேலேயே வந்தால் யார் விசாரிப்பது? நீங்களா? இதற்கு இப்போதே விடை எழுதி வையுங்கள். சட்டத்தின் இரண்டாம் பகுதி 2025 நவம்பரில் நிறைவேறியது: முதலில் சமரசப் பேச்சு, அதில் தீராவிட்டால் 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம் வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கும். "செலவு வேண்டாம்" என்கிற பாஸுக்கு இந்த எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுங்கள்.

பயிற்சியில் யாராவது, "பாலியல் நாட்டம் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று மழுப்பாமல் சொல்லுங்கள். கம்பெனி தன் சொந்த விதியில் அதையும் சேர்த்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் ஆட்களுக்கு அவர்கள் நேரத்தில் தனியாக ஒரு அமர்வு வையுங்கள், ஓ.டி. கணக்கில். துப்புரவாளர்களையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குப் புரிகிற மொழியில். பாஸிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: மேற்பார்வையாளர்களோடு முதல் அமர்வில் அவரும் உட்கார வேண்டும், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் முழுக்க. மாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள்.